ஊர் இல்லாத நேரம்

உங்க வாட்ச் நாலு நிமிஷம் ஃபாஸ்ட் சார். தப்பா எடுத்துக்காதீங்க. பஸ்ல ஏறி உக்காந்ததுலேர்ந்து பார்த்துக்கிட்டே வர்றேன், சொல்லாம இருக்க முடியல. என்ன, வேணும்னே வச்சிருக்கீங்களா? பஸ்ஸைத் தவற விடக்கூடாதுன்னா? எல்லாரும் இதைத்தான் சொல்றாங்க. நாலு நிமிஷம் கூட வச்சிருக்கோம்னு உங்களுக்கே தெரியுமில்ல, அப்புறம் மனசுக்குள்ள நாலைக் கழிச்சுக்கிட்டு நிதானமாத்தானே கிளம்புவீங்க? நம்மளை நாமே ஏமாத்திக்க கையில ஒரு மெஷின். சரி விடுங்க.

நீங்களும் புதுக்கோட்டையா? நல்லதாப் போச்சு. இல்ல சார், பை மடியிலயே இருக்கட்டும், மேல வைக்க வேணாம். உள்ள ஒரு ஆஸ்பத்திரிச் சீட்டு இருக்கு. இருபத்தஞ்சு வருஷத்துச் சீட்டு, மடிப்புல கிழியிற மாதிரி இருக்கு. பத்தேகாலுக்கு சம்பந்தி வீட்டுல இருக்கணும். சிதம்பரநாதன்னு பேரு, ரிட்டயர்ட் தாசில்தார். இன்னும் மூணு வாரத்துல என் பொண்ணுக்குக் கல்யாணம். பத்திரிகை அடிச்சாச்சு, பாதி கொடுத்தும் ஆச்சு. நேத்து சாயங்காலம் அந்த மனுஷன் போன் பண்றார். "சம்பந்தி, ஒண்ணுமில்ல, எங்க குடும்ப ஜோசியர் இன்னொரு தடவை பார்த்துக்கலாம்கிறார். பொண்ணு பொறந்தப்ப ஆஸ்பத்திரியில கொடுத்த சீட்டு இருக்குமே, அதைக் கொஞ்சம் எடுத்துட்டு வந்துருங்க"ன்னு. ஒண்ணுமில்லன்னு ஆரம்பிச்சா ஏதோ இருக்குன்னு அர்த்தம்.

சொல்றேன். நீங்க யாரோ நான் யாரோ, இறங்கினா அவங்கவங்க வழி. உங்ககிட்ட சொல்றதுல என்ன வந்துடப் போவுது.

என் பேரு ஞானசம்பந்தம். திருச்சியில ஒரு திருமணத் தகவல் மையம். மையத்தோட பேரு வேணாம், அரசி அம்மா நடத்துறாங்க, இருபத்திரெண்டு வருஷமா நான் அங்கதான். தரகர் இல்ல சார், தரகர்னு நினைச்சுடாதீங்க. டேட்டாபேஸ். பொண்ணு, பையன், ஜாதகம், படிப்பு, எல்லாம் கம்ப்யூட்டர்ல வச்சுப் பாதுகாக்கிறது நான். பதினெட்டாயிரத்துச் சொச்சம் பேர். ஒருத்தர் விவரத்துல ஒரு எழுத்து தப்பா இருந்தா எனக்குச் சோறு இறங்காது. எங்க ஆபீஸ்ல என்னைப் பஞ்சாங்கம்னு கூப்பிடுவாங்க, முதுகுக்குப் பின்னாலதான். எனக்குத் தெரியும்.

ஜாதகத்துல நம்பிக்கையான்னு கேட்டீங்கன்னா, எனக்கு இல்ல. நான் கம்ப்யூட்டர்காரன். எனக்கு டேட்டா சரியா இருக்கணும், அவ்வளவுதான். அதை வச்சு அவங்க செவ்வாயைப் பார்க்கட்டும், சனியைப் பார்க்கட்டும், அது அவங்க பாடு.

அதோ பாருங்க, ஏர்போர்ட். புது டெர்மினல் என்னமா கட்டியிருக்கான். எனக்கு ஏர்போர்ட்னா ஒரு மரியாதை சார். பிளேன்ல போனதில்ல, அது வேற. ஆனா உலகத்துலயே மணியை ஒழுங்காச் சொல்ற இடம் அது ஒண்ணுதான். கிளம்புறது இந்த ஊர் மணிப்படி, போய்ச் சேர்றது அந்த ஊர் மணிப்படின்னு டிக்கெட்லயே போட்டிருப்பான். மணியைச் சொன்னா ஊரையும் சொல்லணும் சார். ஊரைச் சொல்லாத மணி பாதிப் பொய். இதை நான் வாய் வலிக்கச் சொல்லியிருக்கேன், யார் கேக்கறா.

டேட்டாபேஸ்ல நேரத்தை வைக்க ரெண்டு வகைப் பெட்டி இருக்கு. பெட்டின்னே வச்சுக்குங்க. நாங்க காலம்னு சொல்லுவோம், அது இங்கிலீஷ் காலம், அட்டவணையில வர்ற பத்தி. தமிழ்க் காலத்தை இங்கிலீஷ் காலத்துல போட்டு வைக்கிறது என் பொழப்பு. முதல் பெட்டி ஊர் இல்லாத பெட்டி. சுவத்துக் கடிகாரத்துல என்ன தெரிஞ்சுதோ அதை அப்படியே வச்சுக்கும். நாலு இருபதுன்னு போட்டா நாலு இருபது. எந்த ஊர் நாலு இருபதுன்னு கேக்காது, நமக்குத்தான் தெரிஞ்சிருக்கணும். ரெண்டாவது, ஊரோட நேரம்னு பேர் வச்ச பெட்டி. நீங்க எந்த ஊர்லேர்ந்து போட்டாலும் அதை கிரீன்விச் நேரமா மாத்தி உள்ள வச்சுக்கும், யார் வந்து கேக்கறாங்களோ அவங்க ஊர் நேரமா மாத்திக் கொடுக்கும். கேக்க நல்லாத்தான் இருக்கு, இல்ல? ஆனா ஒரு குசும்பு இருக்கு. ஊரோட நேரம்னு பேரே ஒழிய, அது ஊரை வச்சுக்காது சார்! கணக்குப் போட்டு முடிச்சதும் ஊரைத் தூக்கி வெளியில போட்டுடும். பேரு பெத்த பேரு, தாக நீலு லேதுன்னு தெலுங்குல சொல்வாங்களே, பேரு பெரிசு, குடிக்கத் தண்ணி இல்லன்னு, அந்த மாதிரி. எந்த ஊர்லேர்ந்து வந்த நேரம்னு அப்புறம் நீங்க தலைகீழா நின்னு கேட்டாலும் அதுக்குத் தெரியாது.

நான் பொறந்த நேரத்தை எல்லாம் முதல் பெட்டியிலதான் வச்சிருந்தேன். இருபத்திரெண்டு வருஷம் ஒரு பிசகு இல்ல. அப்புறம் அரசி அம்மாவோட மருமகன் வந்தார். ஆபீஸ் மூலையில இருக்கிற பழைய மெஷின் எதுக்கு, வெளியில வாடகைக்கு எடுப்போம்னார். வெளியிலன்னா சிங்கப்பூர்ல. சென்னையிலேர்ந்து ஒரு கம்பெனி வந்து எல்லாத்தையும் அள்ளிக்கிட்டுப் போய் அங்க வச்சாங்க. வச்சவன் சும்மா இருந்தானா? ஊரோட நேரம்னு போட்ட பெட்டிதான் உசத்தின்னு நினைச்சு, எல்லாப் பொறந்த நேரத்தையும் ரெண்டாவது பெட்டிக்கு மாத்திட்டான். என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல.

மெஷின் என்ன நினைச்சுக்கும்? தான் இருக்கிறது சிங்கப்பூர், அதனால இந்த நாலு இருபதும் சிங்கப்பூர் நாலு இருபதுன்னு நினைச்சுக்கும். அது தப்பில்ல, பாவம், யாரும் அதுக்கு ஊரைச் சொல்லல. அப்புறம் திருச்சியில உக்காந்து நாம கேட்டா, நம்ம ஊர் நேரமா மாத்திக் கொடுக்குது. அங்க நாலு இருபதுன்னா நமக்கு மதியம் ஒண்ணு ஐம்பது. பதினெட்டாயிரம் பேரும் ரெண்டரை மணி நேரம் முன்னாடி பொறந்துட்டாங்க சார், ராவோட ராவா.

ரெண்டரை மணி நேரம்னா சும்மா இல்ல. லக்னம் மாறிடும். ரெண்டு மணிக்கு ஒரு லக்னம்.

எப்படிக் கண்டுபிடிச்சேங்கிறீங்களா? லால்குடியிலேர்ந்து ஒரு அம்மா போன்ல கத்துறாங்க. "எம் பையன் காலையில பதினொண்ணு ஏழுக்குப் பொறந்தான், நீங்க எட்டு முப்பத்தேழுன்னு போட்டிருக்கீங்க, நீங்களா பிரசவம் பார்த்தீங்க?" எங்க ஆபீஸ்ல இருக்கிற பொண்ணு, ஏதோ டைப்பிங் தப்பு, திருத்திடுறோம்னு சொல்லி வைக்கப் போனா. இரும்மான்னேன். எனக்கு உடனே பொறி தட்டிடுச்சு. இதைக் கொஞ்சம் கவனமாக் கேளுங்க சார், உங்களுக்கும் உபயோகப்படும். ஒரு கடிகாரம் தப்பா ஓடுனா எப்படி ஓடும்? உங்க வாட்ச் மாதிரி, நாலு நிமிஷம், ஏழு நிமிஷம், பதினோரு நிமிஷம்னு கோணல் மாணலாத் தப்பும். டைப்பிங் தப்புன்னாலும் அப்படித்தான், ஒரு எண்ணு இடம் மாறும். சரியா ரெண்டரை மணி நேரம், ஒரு நிமிஷம் கூடாம குறையாம தப்பினா அது தப்பே இல்ல. கடிகாரம் சரி, ஊர்தான் வேற.

சந்தேகத்துக்கு இன்னொண்ணும் பார்த்தேன். எண்பத்தி ஒண்ணுல பொறந்த ஒருத்தர், ரெண்டாங் கல்யாணத்துக்குப் பதிஞ்சிருந்தார். அவருக்கு மட்டும் ரெண்டே மணி நேரம்தான் மாறியிருந்தது. எனக்குக் கை தட்டணும் போல இருந்துச்சு. ஏன்னா சிங்கப்பூர்க்காரன் எண்பத்தி ரெண்டு பொறக்கும்போதுதான் கடிகாரத்தை அரை மணி தள்ளி வச்சான். அதுவரைக்கும் நமக்கும் அவனுக்கும் ரெண்டு மணிதான் வித்தியாசம். அந்த மெஷினுக்கு அந்தச் சரித்திரம் கூடத் தெரிஞ்சிருக்கு பாருங்க! எல்லா ஊரும் எப்பெப்ப கடிகாரத்தைத் திருப்பினாங்கன்னு உள்ள ஒரு பட்டியலே வச்சிருக்கும்.

அரசி அம்மா உத்தமி சார். நடுவுல அஞ்சு மாசத்துல எங்க மூலமாப் பொருத்தம் பார்த்தவங்க நாப்பத்து மூணு குடும்பம். எல்லாருக்கும் போன் பண்ணி உண்மையைச் சொல்லிடுங்கன்னாங்க. நானே பண்ணேன். முசிறியில ஒரு நிச்சயம் நின்னுபோச்சு. அந்தப் பொண்ணோட அப்பா போன்லயே அழுதார். "சார், நல்ல இடம் சார், நீங்க சொல்லாம இருந்திருந்தா நடந்து முடிஞ்சிருக்கும் சார்"ங்கிறார். நான் கறாராச் சொல்லிட்டேன். "ஐயா, வருத்தமாத்தான் இருக்கு. ஆனா டேட்டா டேட்டாதான். உங்களுக்காக ஒரு நேரம், ஊருக்காக ஒரு நேரம்னு நான் வச்சுக்க முடியாது."

நாப்பத்து ரெண்டு பேருக்குப் போன் பண்ணேன்.

நாப்பத்து மூணாவது என் வீடு சார்.

என் பொண்ணு பேரு மதிவதனி. மதின்னு கூப்பிடுவோம். ஒரே பொண்ணு. அவ விவரத்தையும் நான்தான் பதிஞ்சேன், ஒன்பதாயிரத்து இருநூத்திப் பதினாலாம் நம்பர். பொறந்தது மாலை நாலு இருபது. அந்தச் சீட்டுல நர்ஸ் நீல மையில எழுதியிருக்காங்க, இதோ பையில இருக்கு. நாலு இருபதுன்னா துலா லக்னம், எட்டுல செவ்வாய். செவ்வாய் தோஷம். ஒண்ணு ஐம்பதுன்னா கன்னி லக்னம். செவ்வாய் ஒன்பதுக்குப் போயிடுவான், தோஷம் கிடையாது, சுத்த ஜாதகம். எனக்கு இதெல்லாம் அத்துப்படி இல்லீங்க, மெஷின்ல வந்ததைச் சொல்றேன். சிதம்பரநாதன் வீட்டுல சுத்த ஜாதகம்தான் வேணும்னு ஆரம்பத்துலயே சொல்லிட்டாங்க. பையன் ரகுநந்தன், மின்வாரியத்துல அசிஸ்டென்ட் இன்ஜினியர். நல்ல பையன், கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்றான். அவங்க பையனைப் பதிஞ்சது சிங்கப்பூருக்கு மாத்தினதுக்கு அப்புறம், திருச்சி நேரமாவே உள்ள போச்சு, அதனால அவன் நேரம் சரி. என் பொண்ணு நேரம்தான் தப்பு. தப்பான நேரத்துல பொருத்தம் பார்த்து, பிரமாதமாப் பொருந்தி, நிச்சயமும் ஆகி, அதுக்கப்புறம் இந்த லால்குடி அம்மா போன் பண்றாங்க.

என்ன பண்ணுவீங்க நீங்க? சொல்லுங்க.

இத்தனை பேரையும் திருத்த ஒரே ஒரு வரி எழுதினாப் போதும் சார். சிங்கப்பூருக்கு மாத்துறதுக்கு முன்னாடி பதிஞ்ச எல்லாருக்கும் ரெண்டரை மணியைக் கூட்டு, எண்பத்தி ரெண்டுக்கு முன்னாடி பொறந்தவங்களுக்கு ரெண்டு. எழுதிட்டேன். விரல் கடைசிப் பொத்தான் மேல நிக்குது. அப்புறம் அந்த வரி கடைசியில இன்னும் ஒரு துண்டைச் சேர்த்தேன். ஒன்பதாயிரத்து இருநூத்திப் பதினாலு தவிர. அவ்வளவுதான். அமுக்கினேன். எல்லாரும் அவங்கவங்க பொறந்த நேரத்துக்குத் திரும்பிப் போயிட்டாங்க, என் பொண்ணு மட்டும் ஒண்ணு ஐம்பதுலயே நின்னுட்டா.

இது பொய்யா சார்? நான் எதையும் மாத்தலையே. மாத்தாம விட்டேன். நாமளா செவ்வாயைக் கொண்டு போய் எட்டுல வச்சோம்? நம்பாதவனுக்கு நாலு இருபது என்ன, ஒண்ணு ஐம்பது என்ன. எல்லாம் மதிக்காகத்தான்.

அவளும் இந்தச் சம்பந்தத்தை எவ்வளவு எதிர்பார்த்துட்டா தெரியுமா? நிச்சயத்துக்கு முந்தியே ரெண்டு தடவை வந்து கேட்டா. "அப்பா, பொறந்த நேரமெல்லாம் சரியாப் பார்த்துட்டீங்களா? இன்னொரு தடவை பாருங்களேன்." எங்க கெட்டுப்போயிடுமோன்னு பயம். பொண்ணுங்க வாய் திறந்து சொல்ல மாட்டாங்க, நாமதான் புரிஞ்சுக்கணும். இந்தச் சிங்கப்பூர்க் குளறுபடி தெரிஞ்சப்ப சாப்பிடும்போது அவகிட்ட சொன்னேன். உன் நேரமும் மாறிப்போச்சும்மா, உண்மையில செவ்வாய் எட்டுல இருக்கான்னேன். கையில எடுத்த சோறு அப்படியே நிக்குது. "அப்போ பொருந்தாதாப்பா?"ங்கிறா. கண்ணெல்லாம் பளபளன்னு ஆயிடுச்சு, பாவம், அப்படி அதிர்ந்துட்டா. "பயப்படாதே, அப்பா உன்னுதை மட்டும் திருத்தாம விட்டுட்டேன், யாருக்கும் தெரியாது"ன்னேன். எழுந்து போய்க் கையைக் கழுவிட்டு ரொம்ப நேரம் குழாயடியிலயே நின்னா. எனக்கே கண்ணு கலங்கிடுச்சு. நிம்மதியில சில பேருக்குப் பேச்சு வராது சார்.

என்ன, கீரனூரா? பரவாயில்ல, நேரத்துக்குத்தான் போறான். டீ குடிக்கிறீங்களா? எனக்கு வேணாம்.

மதி இருக்காளே, என் மாதிரியே சார், மணி விஷயத்துல. எங்க ஹால்ல ரெண்டு கடிகாரம், ஒண்ணு நம்ம நேரம், ஒண்ணு கிரீன்விச். அஞ்சு வயசுலயே ரெண்டையும் பார்த்துச் சொல்லுவா. எங்களுக்குள்ள ஒரு விளையாட்டு உண்டு. வெளியூர் எங்க போனாலும் அங்க இருக்கிற கடிகாரத்தைப் படம் எடுத்து எனக்கு அனுப்புவா. "அப்பா, எத்தனை நிமிஷம் தப்பு?" அப்படீன்னு கேட்டிருப்பா. படம் வந்த நேரத்தைப் பார்த்து நான் சொல்லணும். மைசூர் டூர் போனப்ப லாட்ஜ் கடிகாரம், ஒன்பது நிமிஷம். அவ ஃப்ரெண்டு கல்யாணத்துக்கு ஈரோடு போனப்ப மண்டபத்துக் கடிகாரம், பதினாறு நிமிஷம், கேவலம். நிச்சயம் ஆனதுலேர்ந்து அனுப்பல. கல்யாண வேலையில மறந்துட்டா போல.

ஒரு எதிர்வார்த்தை பேசினதில்ல சார். சித்திரையில அவ ஆபீஸ்லயே வெளிநாட்டு வேலை ஒண்ணு வந்துச்சு. ரெண்டு வருஷம். அதே சிங்கப்பூர்தான், எங்க போனாலும் அந்த ஊர் என்னைத் துரத்துது பாருங்க. ஆர்டரைக் கொண்டு வந்து காட்டினா. "அதெல்லாம் கல்யாணத்துக்கப்புறம் மாப்பிள்ளை என்ன சொல்றாரோ பார்க்கலாம்மா"ன்னேன். "சரிப்பா"ன்னு மடிச்சு எடுத்துட்டுப் போயிட்டா. இன்னொருத்தர் பொண்ணா இருந்தா வீடு ரெண்டாயிருக்கும்.

இப்பக் கூட ஊர்ல இல்ல. சென்னையில ஆபீஸ் டிரெய்னிங், நாலு நாள். நேத்து சாயங்காலம் கிளம்பிப் போனா. பாஸ்போர்ட்டைக் கூட எடுத்துட்டுப் போயிருக்கா, டிரெய்னிங்ல ஐடி கேப்பாங்களாம். ஆதார் பத்தாதாம்மான்னேன். இப்பெல்லாம் இதான்ப்பாங்கிறா. நிச்சயதார்த்த மோதிரத்தைக் கழட்டி சாமி படத்துக்கிட்ட வச்சுட்டுப் போயிருக்கா. போற இடத்துல தொலைஞ்சுடக்கூடாதுன்னு. அவ்வளவு பொறுப்பு. என் சம்சாரம் செண்பகம்தான், அவளைச் சொல்லணும். நாலு நாளைக்குப் போற பொண்ணுக்கு ரெண்டு கிலோ பருப்புப் பொடி, புளிக்காய்ச்சல், வத்தல், என்னமோ தேசாந்திரம் போற மாதிரி கட்டிக் கொடுத்திருக்கா. போறப்ப வாசல்ல நின்னு ரெண்டு பேரும் கட்டிப்பிடிச்சு ஒரே அழுகை. என்னடி இதுன்னேன். "கல்யாணம் ஆகிப் போற பொண்ணு, கண்ணு கலங்காதா?"ங்கிறா. சரிதான்னு விட்டுட்டேன். இன்னைக்குக் காலையில கூட, சம்பந்தி வீட்டுக்கு நீயும் வாடின்னா முட்டி வலிக்குதாம். முகத்தைப் பார்த்தா ராத்திரி தூங்கின மாதிரியே இல்ல.

எனக்கு இப்ப அதில்ல பிரச்சனை. இந்தச் சீட்டுதான் பிரச்சனை. சிதம்பரநாதன் கையை நீட்டுவார். நான் என்ன சொல்லணும்? தொலைஞ்சுபோச்சுன்னு சொல்லிடலாம்னுதான் வந்திருக்கேன். கிளம்பும்போது பீரோவுலயே விட்டுட்டு வந்திருக்கலாம். கை தானா எடுத்துப் பையில போட்டுடுச்சு. இருபத்திரெண்டு வருஷப் பழக்கம் சார், ஆதாரம் இல்லாம எங்கயும் போனதில்ல. கிழிச்சு ஜன்னல் வழியாப் போட்டுடலாமா? ஒரு நிமிஷ வேலை. ஆனா இதுல அவ பாத ரேகை இருக்கு. நீல மையில, கட்டைவிரல் நீளத்துக்கு. அந்த வரியைத் தயங்காம எழுதிட்டேன் சார், இதைக் கிழிக்க மனசு வரல. அந்த முசிறிக்காரர் குரல் வேற காதுக்குள்ளயே இருக்கு. நீங்க சொல்லாம இருந்திருந்தா நடந்து முடிஞ்சிருக்கும்னார். அவருக்கு நான் என்ன பதில் சொன்னேன், இப்ப நான் என்ன பண்ணிக்கிட்டிருக்கேன்? திருட்டுத்தனம்தான் சார் இது. பெத்த பொண்ணுக்காகப் பண்ற திருட்டுத்தனம்.

இருங்க, போன் அடிக்குது. இல்ல, மெசேஜ்தான். அட, மதி! இதோ பார்த்தீங்களா, சொல்லி வாய் மூடல. கடிகாரம் அனுப்பியிருக்கா! எவ்வளவு நாளாச்சு. "அப்பா, எத்தனை நிமிஷம் தப்பு?" அதே கேள்வி. என் மேல கோவம் கீவம் ஒண்ணுமில்ல, டிரெய்னிங்குக்குப் போன இடத்துலயும் அப்பா நெனைப்பு.

கண்ணாடியைப் போட்டுக்கறேன். சின்ன முள்ளு பன்னெண்டைத் தாண்டி இருக்கு. பெரிய முள்ளு மூணுல. பன்னெண்டேகால். இப்ப மணி என்ன? உங்க வாட்சைக் காட்டுங்க. ஒன்பது நாப்பத்தொன்பது, நாலு போக ஒன்பது நாப்பத்தஞ்சு. மெசேஜ் வந்ததும் ஒன்பது நாப்பத்தஞ்சு. அடக் கொடுமையே, எவ்வளவு பெரிய ஆபீஸு, சுவத்துல இப்படியா ஒரு கடிகாரத்தை மாட்டி வைப்பான்? ஒன்பது நாப்பத்தஞ்சுக்கும் பன்னெண்டேகாலுக்கும்...

பத்து நாப்பத்தஞ்சு, பதினொண்ணு நாப்பத்தஞ்சு, பன்னெண்டேகால்.

சார், உங்க வாட்ச் நாலு நிமிஷம்தானே ஃபாஸ்ட்? அஞ்சு இல்லையே? ஒரு நிமிஷம் கூட, குறைய இருக்கலாம்ல? நல்லாப் பாருங்க சார். இந்தாங்க, நீங்க பாருங்க, எனக்குக் கண்ணு சரியாத் தெரியல. பெரிய முள்ளு மூணுலதான் இருக்கா? சரியா மூணுலயா?

ஜன்னலைக் கொஞ்சம் தொறங்க சார்.

இல்ல, தண்ணி வேணாம். ஒரு போன் பண்ணிக்கிறேன். செண்பகம்? நான்தான். மதி ஒரு படம் அனுப்பியிருக்கா. ஏய், கேக்குதா? கடிகாரப் படம். என்னது? "பார்த்துட்டீங்களா"வா? அப்போ உனக்கு... எப்போலேர்ந்து தெரியும்? சித்திரையிலேர்ந்தா? ஏண்டி, என்கிட்ட ஒரு வார்த்தை... என்ன? சத்தமாச் சொல்லு, பஸ்ல இருக்கேன். ம். ம். சரி, அழாதே. சரி, வை.

அவ சொல்றா, பொண்ணு உங்ககிட்ட மூணு தடவை கேட்டாளே, உங்களுக்குக் கேக்கலையான்னு. நேரம் சரியாப் பாருங்கப்பான்னு கேட்டது, பொருந்தாம போயிடாதாங்கிற ஆசையிலதானாம் சார். பொருந்தாதாப்பான்னு கேட்டப்ப அவ மூஞ்சியப் பார்த்தீங்களான்னு கேக்குறா. பார்த்தேனே. நல்லாப் பார்த்தேனே. கண்ணு பளபளன்னு இருந்துச்சுன்னு உங்ககிட்டயே இப்ப சொன்னேனே.

அந்த ஏர்போர்ட் வழியா இப்பத்தான் வந்தோம். நான் உங்களுக்குக் கையைக் காட்டினேன்.

போன்ல சொல்லியிருக்கலாம்ல சார்? ஒரு வரி எழுதியிருக்கலாம்ல? இல்ல, எழுதினா நான் படிச்சிருக்க மாட்டேன். படிச்சாலும் என் இஷ்டத்துக்கு மாத்திப் படிச்சிருப்பேன். அவளுக்குத் தெரியும். எதைக் காட்டினா அப்பனால மாத்திப் படிக்க முடியாதுன்னு தெரிஞ்சுதான் அனுப்பியிருக்கா. நூத்தம்பது நிமிஷம்மா. இதுக்கு நான் எப்படித் தப்புன்னு பதில் போடுறது.

அவர்தான் கூப்பிடுறார். சிதம்பரநாதன். நீங்க எழுந்திருக்காதீங்க, உக்காருங்க, நீங்க பக்கத்துல இருங்க.

ஹலோ, வணக்கங்க. வந்துக்கிட்டேதான் இருக்கேன், நார்த்தாமலை தாண்டியாச்சு. ஆமாங்க, சீட்டு கையிலதான் இருக்கு. தொலையல. நாலு இருபதுங்க. இல்லீங்க, ஒண்ணு ஐம்பது இல்ல, மாலை நாலு இருபது. ஆமா, துலா லக்னம், எட்டுல செவ்வாய். கம்ப்யூட்டர் தப்பு இல்லீங்க, என் தப்பு. நான்தான் தெரிஞ்சே விட்டேன். நேர்ல வந்து சொல்றேன், என்ன பேசணுமோ பேசுங்க, நின்னு கேட்டுக்கறேன். மதியா? இல்லீங்க, அவளைக் கேக்க வேணாம். கூட வரல. இப்ப மணியா? எனக்கு ஒன்பது ஐம்பத்தஞ்சு ஆவுதுங்க. அவளுக்குப் பன்னெண்டு இருபத்தஞ்சு.